சுற்றுலா விசாவில் நாஷ்வில் போகிறேன், வயலினை எடுத்துப் போகலாமா? வாசகி கேள்விக்கு வழக்கறிஞர் பதில்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 33. சிறு வயதிலிருந்தே வயலின் கற்றவர். கல்யாணக் கச்சேரிகளுக்கும் ஒரு மெல்லிசைக் குழுவுக்கும் வாசிக்கிறார், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கணவருக்கு ஊரில் பிரிண்டிங் கடை. டி-ஷர்ட், மக், காலண்டர் எல்லாம் அச்சடித்துத் தருகிறார். அக்கா குடும்பம் அமெரிக்காவில், டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாசகியிடம் பத்து வருட பி1/பி2 விசா (பி1 தொழில் விஷயமாகப் போய்வர, பி2 சுற்றுலாவுக்கு) இருக்கிறது. வரும் அக்டோபரில் ஆறு வாரம் அக்கா வீட்டில் தங்கப் போகிறார்.

அவருடைய ஆசையெல்லாம் அந்த நகரத்தின் கிழக்குப் பகுதியான ஈஸ்ட் நாஷ்வில் மீதுதான். "சுவரெல்லாம் ஓவியம், தெருவுக்கு ரெண்டு இடத்தில் பாட்டு. வீடியோவில் பார்த்துப் பார்த்து எந்த மூலையில் எந்தக் கடை என்பதே எனக்கு மனப்பாடம்" என்று எழுதுகிறார். அக்கா கணவரின் நண்பர் ஒருவர் அங்கே காபிக் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலங்களில் வந்து வாசியுங்கள், சம்பளம் கிடையாது, டிப் ஜாரில் (கேட்பவர்கள் விரும்பிக் காசு போடும் ஜாடி) விழுவது உங்களுக்கு என்று சொல்லியிருக்கிறார். வாசகியின் கேள்விகள் இவை. சம்பளம் வாங்கவில்லை என்றால் அது வேலை ஆகாதுதானே? விமான நிலையத்தில் வயலினைப் பற்றிக் கேட்டால் "அக்கா குழந்தைக்குப் பரிசு" என்று சொல்லிவிடலாமா? அங்கே ஒரு ஸ்டுடியோவில் ஒரு பாட்டைப் பதிவு செய்யலாமா? தெருச் சுவர்களில் இருக்கும் ஓவியங்களைப் படமெடுத்து வந்து கணவர் கடையில் டி-ஷர்ட்டாகவும் காலண்டராகவும் அச்சிட்டு விற்கலாமா? "தெருவில் இருப்பது எல்லோருக்கும் சொந்தம்தானே?" கடைசியாக, ராத்திரியில் தனியாகப் போகக்கூடாது என்று மாமியார் பயப்படுகிறார், அதற்கு என்ன பதில் சொல்வது?

சகோதரி, நாஷ்வில் போகிற பலர் பிராட்வே தெருவோடு திரும்பிவிடுகிறார்கள். நியான் விளக்குப் பலகைகள், மூன்று மாடி பார்கள், மாடிக்கு மாடி வேறு வேறு பாட்டு. அதுவும் பார்க்க வேண்டியதுதான். நீங்கள் கம்பர்லண்ட் ஆற்றைத் தாண்டிக் கிழக்கே போக நினைக்கிறீர்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஃபைவ் பாயிண்ட்ஸ் என்ற சந்திப்பைச் சுற்றி நடந்தாலே அந்தப் பகுதியின் குணம் பிடிபட்டுவிடும். முகப்புத் திண்ணை வைத்த பழைய மரவீடுகள், பழைய இசைத்தட்டுக் கடைகள், சின்னச் சின்ன மேடைகள். இசைத்துறையில் பிழைக்கிறவர்கள் பலர் குடியிருக்கும் இடம் அது. 2020 மார்ச் 3 நள்ளிரவுக்குப் பின் ஒரு சுழற்காற்று இந்தப் பகுதியைக் கிழித்துக்கொண்டு போனது. 'பேஸ்மென்ட் ஈஸ்ட்' என்ற இசை அரங்கின் பெரும்பகுதி இடிந்தது. 'ஐ பிலீவ் இன் நாஷ்வில்' என்று எழுதிய அதன் சுவர் மட்டும் நின்றது. மறுநாள் அந்தப் படம் ஊரெங்கும் பரவியது. அரங்கை மறுபடி கட்டித் திறந்துவிட்டார்கள். உங்கள் நான்காவது கேள்வி இந்த மாதிரிச் சுவர்களைப் பற்றியதுதான், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் விசா விஷயத்தைப் பார்ப்போம். மற்றதில் தவறினால் பணம் போகும். இதில் தவறினால் அக்காவைப் பார்க்கப் போகிற வழியே அடைபடலாம்.

டிப் ஜாரும் கூலிதான்

"சம்பளம் இல்லை, அதனால் வேலை இல்லை" என்று நினைக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் நாஷ்வில்லில் டிப் ஜார் என்பது மேசையோரம் வைத்த உண்டியல் கிடையாது. பிராட்வேயில் பல பார்களில் உள்ளே போக டிக்கெட்டே இல்லை. மேடையில் நான்கு மணி நேரம் நின்று வாசிக்கிற கலைஞருக்கு வருமானத்தில் பெரும்பங்கு டிப்பாகத்தான் வருகிறது. வீட்டு வாடகை கட்டுவதும் அந்தப் பணத்தில்தான். ஆக, ஒரு கடையில் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து வாசித்து ஜாரில் விழுவதை எடுத்துக்கொண்டால், அந்த ஊர் இசைக்கலைஞர் ஒருவர் செய்யும் வேலையை, அவர் வாங்கும் கூலிக்கே நீங்கள் செய்கிறீர்கள். பி1/பி2 விசாவில் அதற்கு இடமில்லை. தெரிந்தே இடம் கொடுத்தால் கடைக்காரருக்கும் சிக்கல் வரும்.

சரி, ஜாரை எடுத்துவிட்டால்? காசே வேண்டாம், ஆசைக்கு வாசிக்கிறேன் என்றால்? நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். பி2 விசாவில் வருகிற ஒருவர் சம்பளம் இல்லாமல் இசை நிகழ்ச்சியிலோ போட்டியிலோ பங்கெடுக்கலாம் என்று அமெரிக்க விதிகளில் இருப்பது உண்மை. ஆனால் அது காசுக்கு வாசிக்காத ஆர்வலர்களுக்கான சலுகை. வழக்கமாகக் காசு வாங்கி வாசிக்கிற ஒருவர், இந்த ஒரு முறை மட்டும் இலவசமாக வாசிக்கிறேன் என்று சொன்னாலும் சலுகைக்குள் வரமாட்டார் என்று விசா அதிகாரிகளுக்கான கையேடு தெளிவாகச் சொல்கிறது. வயலின்தான் அவருக்கு முழுநேரப் பிழைப்பாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நீங்கள் கல்யாணக் கச்சேரிக்குப் பணம் வாங்குகிறீர்கள். அந்த விதியின் கண்ணில் நீங்கள் தொழில்முறைக் கலைஞர். உங்கள் கலைக்கு அது மரியாதைதான், ஆனால் இந்த விசாவில் அது தடையாக வந்து நிற்கிறது.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? விசாவை ரத்து செய்யலாம், நாட்டைவிட்டு அனுப்பலாம். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது இது கோப்பில் இருக்கும். "யாருக்குத் தெரியப் போகிறது" என்று அக்கா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கடை ஒரு போஸ்டர் போடும், உங்கள் பெயரை இணைத்து இன்ஸ்டாகிராமில் பதிவிடும். விசா விண்ணப்பப் படிவத்திலேயே கடந்த ஐந்து வருடங்களில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்கள். 2019-லிருந்து இது நடைமுறை. தெரிந்துகொள்வது அவர்களுக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

அப்படியானால் வில்லைத் தொடவே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். அக்கா வீட்டுக் கூடத்தில் வாசியுங்கள், தினமும் சாதகம் செய்யுங்கள். பக்கத்து வீட்டில் கிதார் வாசிக்கிறவர் திண்ணைக்குக் கூப்பிட்டால் போய் உட்காருங்கள். அதெல்லாம் மனிதர்கள் கூடிப் பொழுதுபோக்குவது. பெல்வியூ பக்கம் ஸ்ரீ கணேசர் கோயில் இருக்கிறது. அங்கே நடக்கிற பஜனையில் எல்லோரோடும் சேர்ந்து பாடினால் யாரும் கேட்கப் போவதில்லை. அதே கோயிலில் உங்கள் பெயர் போட்டு, சன்மானம் கொடுத்துக் கச்சேரி வைத்தால் கதை வேறு.

நடுவில் இருப்பவைதான் யோசிக்க வைக்கின்றன. கல்ச் என்ற பகுதியில் 'ஸ்டேஷன் இன்' என்ற பழைய ப்ளூகிராஸ் (தந்தி வாத்தியங்களில் வாசிக்கும் அமெரிக்கக் கிராமிய இசை) கூடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஜாம் நடப்பது வழக்கம். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் வாத்தியத்தோடு வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். ப்ளூகிராஸில் ஃபிடில் என்று சொல்வது உங்கள் வயலினைத்தான், எனவே கை துறுதுறுக்கும். மேடை இல்லை, விளம்பரம் இல்லை, பணம் இல்லை. பல வாத்தியங்களுக்கு நடுவே ஒன்றாக ஒரு மாலை உட்காருவது பொழுதுபோக்குக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. ஆபத்து குறைவு. 'ப்ளூபேர்ட் கஃபே'யின் திங்கட்கிழமை ஓபன் மைக் மாதிரியானவை ஒரு படி மேலே. அங்கே உங்களைப் பேர் சொல்லி அழைப்பார்கள், தனியாக மேடை ஏறுவீர்கள், டிக்கெட்டோ காபியோ வாங்கிய கூட்டம் கேட்கும். தொழில்முறைக் கலைஞரான உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். காபிக் கடை சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். நடைபாதையில் பெட்டியைத் திறந்து வைத்து வாசிப்பதும் அதே கணக்குதான்.

கடிதத்தில் ஒரு வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: "பிள்ளைகளுக்கு அங்கிருந்தே ஆன்லைனில் கிளாஸ் எடுத்துக்கொள்வேன்." மாணவர்கள் திருச்சியில், கட்டணம் இந்திய வங்கிக் கணக்கில், நீங்கள் மட்டும் நாஷ்வில்லில். இதற்கு விதிகளில் நேரடியான விடை இல்லை. தண்டிக்கப்பட்டவர்கள் ஏராளம் என்று சொல்லிப் பயமுறுத்தவும் மாட்டேன். ஆனால் "வேலை எதுவும் செய்வீர்களா?" என்று அதிகாரி கேட்கும்போது கூச்சமில்லாமல் "இல்லை" என்று சொல்ல முடிய வேண்டும். ஆறு வாரம்தானே, பிள்ளைகளுக்கு லீவு விட்டுவிடுங்கள்.

விமான நிலையத்தில் உண்மையைச் சொல்லுங்கள்

"குழந்தைக்குப் பரிசு" என்ற யோசனையை இந்த நிமிடமே விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அதுதான். விசா இருந்தால் உள்ளே விட்டாக வேண்டும் என்பது கிடையாது. விமான நிலையத்தில் இறங்கிய பிறகு எல்லை அதிகாரி மறுபடி முடிவு செய்கிறார். உங்கள் போனை வாங்கிப் பார்க்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. "சனிக்கிழமை ஆறு மணிக்கு வந்துடு, போஸ்டர் ரெடி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி இருந்து, வாயில் "பரிசு" என்று வந்தால், அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படி அதிரடியாக வெளியேற்றப்பட்டால் ஐந்து வருடம் நுழைய முடியாது. முக்கியமான விஷயத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று பதிவானால் தடைக்குக் கால வரம்பே கிடையாது. அதற்கு விலக்கு கேட்க வழி இருக்கிறது, ஆனால் கேட்டவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

உண்மை உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. "நான் வயலின் வாசிப்பவள். ஆறு வாரம் அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். தினமும் சாதகம் செய்ய வேண்டும், அதனால் எடுத்து வந்தேன். கச்சேரி எதுவும் இல்லை." இவ்வளவு போதும். திரும்பும் டிக்கெட், அக்காவின் முகவரி, டிசம்பரில் ஊரில் ஒத்துக்கொண்ட கச்சேரி ஏதாவது இருந்தால் அதன் அழைப்பிதழ், இவை கையில் இருக்கட்டும். காபிக் கடை அழைப்பை ஏற்கவில்லை என்றால் மறைக்க எதுவுமே இருக்காது. முன்கூட்டியே மறுத்து எழுதிவிடுங்கள்.

வாத்தியம் பற்றி இரண்டு குறிப்பு. வயலின் மாதிரிச் சின்ன வாத்தியங்களை, தலைக்கு மேலிருக்கும் பெட்டியில் இடம் இருந்தால், கைச்சுமையாக அனுமதிக்க வேண்டும் என்று அமெரிக்க விமான நிறுவனங்களுக்குச் சட்டமே இருக்கிறது. மற்ற நாட்டு நிறுவனங்களுக்கு அவரவர் விதி, டிக்கெட் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், குருநாதர் கொடுத்த பழைய வில் என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய வில்களின் நுனியில் தந்தம் வைத்திருப்பார்கள். சான்றிதழ் இல்லாத தந்தத்தைச் சுங்கத்தில் பிடித்துக்கொண்டால் திரும்பி வராது. அதை வீட்டில் வைத்துவிட்டுச் சாதாரண வில்லை எடுத்துப் போங்கள்.

ஒரு பாட்டைப் பதிவு செய்வது

இங்கே உங்களுக்கு ஓர் ஆச்சரியம் இருக்கிறது. தொழில்முறை இசைக்கலைஞர் ஒருவர் அமெரிக்க ஸ்டுடியோவைப் பயன்படுத்திப் பதிவு செய்ய மட்டும் பி1 விசாவில் வரலாம் என்று தனி விதியே இருக்கிறது. நிபந்தனைகள் மூன்று. பதிவு செய்வது மட்டுமே நோக்கமாக இருக்க வேண்டும். பொதுமக்கள் முன் நிகழ்ச்சி தரக்கூடாது. அந்தப் பதிவு அமெரிக்காவுக்கு வெளியே மட்டுமே விநியோகமாகி விற்பனையாக வேண்டும். உங்களிடம் இருப்பது பி1, பி2 இரண்டும் சேர்ந்த விசா. ஆனால் எந்த வகையில் உள்ளே விடுகிறார்கள் என்பதை அதிகாரிதான் முடிவு செய்து ஐ-94 என்ற வருகைப் பதிவில் குறிப்பார். எனவே பதிவு செய்யும் திட்டம் உறுதி என்றால், அக்காவைப் பார்ப்பதோடு அதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது நிபந்தனையில் கவனம் தேவை. ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றினால் உலகம் முழுக்கப் போய்விடும். ஏற்றும்போதே நாடுகளின் பட்டியலில் அமெரிக்காவை எடுத்துவிடுங்கள்.

ஸ்டுடியோவுக்குள் போனால் அங்கே வாசிக்கிறவர்களின் வேகம் பிரமிக்க வைக்கும். சேர்ந்து ஒலிக்கும் சுரக்கோவைகளை (கார்ட்) பெயரால் எழுதாமல் 1, 4, 5 என்று எண்களால் எழுதுவார்கள். 'நாஷ்வில் நம்பர் சிஸ்டம்' என்றே அதற்குப் பெயர், 1950-களின் கடைசியில் உருவானது. சுருதியை மாற்றினாலும் அதே தாளை வைத்து வாசித்துவிடுவார்கள். ஸ்வர ஸ்தானங்களை வைத்துக் கேட்டுப் பழகிய உங்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். ஆனால் வாசித்தவர்களிடம் எழுத்தில் உரிமை மாற்றம் வாங்காமல் ஸ்டுடியோவை விட்டு வெளியே வராதீர்கள். பணம் கொடுத்துவிட்டதாலேயே எல்லாம் உங்களுடையது ஆகிவிடாது. இரு நாட்டுச் சட்டமும் உரிமை மாற்றத்தை எழுத்தில்தான் ஏற்கிறது. இந்தியச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டையும் எழுதுங்கள். தியாகராஜர் கீர்த்தனையைப் பதிவு செய்தால் யாரிடமும் அனுமதி வேண்டாம். சினிமாப் பாட்டு என்றால் வேண்டும்.

யாராவது "சேர்ந்து ஒரு பாட்டு எழுதலாமா" என்று கேட்டாலும் இதே கவனம் வேண்டும். அறையில் மூன்று பேர் இருந்தால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது அந்த ஊர் வழக்கம், ஒருவர் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தாலும் கூட. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கூட்டாக எழுதியவர்களுக்குச் சமபங்கு என்பதுதான் அமெரிக்கச் சட்டத்தின் நிலையும். அன்றைக்கே ஒரு தாளில் பங்கு விவரம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அங்கே அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சுவர் ஓவியங்களும் உங்கள் பிரிண்டிங் கடையும்

தெருவில் இருப்பது எல்லோருக்கும் சொந்தம் என்ற எண்ணம் இயல்பானது. பார்ப்பதற்கு எல்லோருக்கும் சொந்தம்தான். அச்சடித்து விற்பதற்கு இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் பொது இடத்திலிருந்து தெரியும் கட்டடத்தைப் படமெடுத்து அந்தப் படத்தை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்த விலக்கு உண்டு. அந்த விலக்கு கட்டடக்கலைக்குத்தான். கட்டடத்தின் மேல் வரைந்த ஓவியம் தனிப் படைப்பு, அதன் காப்புரிமை வரைந்தவருடையது. நம் காப்புரிமைச் சட்டத்திலும் பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் கட்டடம், சிற்பம் ஆகியவற்றைப் படமெடுக்கச் சலுகை உண்டு. அந்தப் பிரிவில் ஓவியத்தைச் சேர்க்கவில்லை.

அச்சிட விரும்பும் ஓவியங்கள் என்று நீங்கள் போட்ட பட்டியலில் முதலாவதாக எழுதிய 'ஐ பிலீவ் இன் நாஷ்வில்' வடிவத்தை உருவாக்கிய கலைஞர் அதையே டி-ஷர்ட்டில் போட்டு விற்கிறார். அது அவருடைய தொழில். இரண்டாவதாக எழுதியது கல்ச் பகுதியில் இருக்கும் பெரிய இறக்கைகள். அது கெல்சி மாண்டேகு என்ற கலைஞர் 2016-ல் வரைந்தது, ஜனங்கள் வரிசையில் நின்று நடுவில் நின்று படமெடுத்துக்கொள்வார்கள். நீங்களும் எடுங்கள், குடும்ப வாட்ஸ்அப்பில் போடுங்கள், உங்கள் பக்கத்தில் பகிருங்கள். அதற்கு யாரும் வழக்குப் போடப் போவதில்லை, படமெடுக்கத்தான் வரைந்திருக்கிறார்கள். விற்பனைக்கு அச்சடிக்கும்போதுதான் சட்டம் குறுக்கே வரும்.

"திருச்சியில் விற்பதை நாஷ்வில்லில் யார் கேட்பார்கள்?" என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்கப் படைப்புகளுக்கு இந்தியாவிலும் இந்தியச் சட்டப்படியே பாதுகாப்பு உண்டு, இரு நாடுகளும் ஒரே சர்வதேச உடன்படிக்கையில் இருக்கின்றன. நம் சட்டத்தில் தெரிந்தே காப்புரிமையை மீறுவது குற்ற வழக்கும்கூட. 63-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம். கடை அவர் பெயரில் இருப்பதால் மாட்டுவது அவர்தான். தெருச்சுவர் என்று நீதிமன்றங்கள் அலட்சியமாகப் பார்ப்பதில்லை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நியூயார்க் குவீன்ஸ் பகுதியில் '5 பாயின்ட்ஸ்' என்ற கட்டடத்தின் சுவர் ஓவியங்களை உரிமையாளர் இரவோடு இரவாக வெள்ளையடித்துவிட்டார். 2018-ல் நீதிமன்றம் கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் தரச் சொன்னது. 2020-ல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அவருடைய சொந்தச் சுவர் அது!

என்ன செய்யலாம் என்றால், சுவரின் மூலையில் பெரும்பாலும் கலைஞரின் கையெழுத்தோ இன்ஸ்டாகிராம் பெயரோ இருக்கும். எழுதிக் கேளுங்கள். எத்தனை பிரதி, எவ்வளவு காலம், எந்த நாட்டில், ஒரு பிரதிக்கு எவ்வளவு என்று நாலு வரியில் மின்னஞ்சல் போதும். தொலைதூரத்து ஊரில் ஒரு சின்னக் கடை தன் படத்தைக் கேட்கிறது என்பதில் மகிழ்கிற கலைஞர்கள் உண்டு. கிடைக்காவிட்டால் காலண்டருக்கு ஆற்றுப்பாலம், பழைய வீடுகளின் முகப்பு, அக்டோபர் கடைசியில் நிறம் மாறும் மரங்கள் போதாதா? உங்கள் கணவருக்கு நல்ல கண் இருக்கிறது என்கிறீர்கள், அவரோடு வீடியோவில் பேசிக்கொண்டே எடுங்கள். ஆனால் தெருவில் பாடுகிறவரின் முகத்தை எடுத்து மக்கில் போடாதீர்கள். எல்விஸ் பிரெஸ்லி வாழ்ந்த மாநிலம் அது. ஒருவரின் பெயரையும் உருவத்தையும் அனுமதியில்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதற்கு எதிராக 1984-லிருந்தே சட்டம் வைத்திருக்கிறார்கள். 2024-ல் குரலையும் சேர்த்துவிட்டார்கள். அதே மாதிரி, அரங்குக்குள் முழுப் பாட்டையும் வீடியோ எடுத்து உங்கள் சேனலில் ஏற்றுவதற்கும் கலைஞரின் சம்மதம் வேண்டும்.

கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை

வாசிக்க முடியாது என்றால் பயணமே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் போவது கேட்டுத் தீராத ஊர். ஈஸ்ட் நாஷ்வில்லில் 'கிரைமீஸ்' என்ற இசைத்தட்டுக் கடை முன்பு தேவாலயமாக இருந்த கட்டடத்தில் நடக்கிறது. கடைக்குள்ளேயே இலவச நிகழ்ச்சிகள் நடத்துவார்கள். ப்ளூபேர்டில் ஒரு மாலைக்கு முன்பதிவு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். 1982-ல் தொடங்கியது, சுமார் 90 பேர்தான் உட்கார முடியும். பாட்டை எழுதியவர்கள் வட்டமாக உட்கார்ந்து, அது எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிட்டுப் பாடுவார்கள். நடுவில் யாராவது பேசினால் அதட்டி அடக்கிவிடுவார்கள். நம் சபாக்களில் போன் மணியடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடம் ஞாபகம் வரும். 1892-ல் கட்டிய ரைமன் அரங்கின் மர பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கச்சேரி கேளுங்கள், ஒலி எப்படி நிற்கிறது என்று உங்களுக்குத்தான் புரியும்.

கன்ட்ரி இசை மட்டும்தான் நாஷ்வில் என்று உங்கள் கடிதம் நினைக்கிறது. ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜூபிலி பாடகர்கள் 1871-ல் கிளம்பி, அடிமைக்காலப் பாடல்களை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனவர்கள். ஜெஃபர்சன் தெரு முழுக்க ஒரு காலத்தில் கறுப்பின மக்களின் இசைக் கூடங்கள் இருந்தன. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இளைஞனாக வாசித்த தெரு அது. 1960-களில் நடுவே நெடுஞ்சாலை போட்டு அந்தப் பகுதியைச் சிதைத்தார்கள். 2021-ல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க இசை அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். காலையில் அங்கே போய்விட்டு மாலையில் ஆற்றைத் தாண்டினால், கிழக்கே கேட்கிற பாட்டு இன்னும் ஆழமாகக் கேட்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஓவியக் கூடங்கள் மாலையில் திறந்திருக்கும் நடை ஒன்று உண்டு, வெட்ஜ்வுட்-ஹூஸ்டன் பகுதியில். அதற்கும் காசு கிடையாது. எங்கே போனாலும் டிப் ஜாரில் போட ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளைச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்குச் சொல்ல வேண்டியது சுருக்கம்தான். பகலில் ஃபைவ் பாயிண்ட்ஸைச் சுற்றித் தனியாக நடக்கலாம். இரவில் நிகழ்ச்சி முடிந்ததும் வாசலிலிருந்தே டாக்சி பிடியுங்கள், அக்காவுக்கு இடத்தைப் பகிருங்கள். பஸ் வசதி நம் ஊர் மாதிரி இருக்காது. பல இடங்களில் 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்தான் அனுமதி, நீங்கள் குடிக்காவிட்டாலும் அடையாள அட்டை கேட்பார்கள். ஆதார் அங்கே செல்லாது, பாஸ்போர்ட் வேண்டும். வெளிநாட்டவர் தம் ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டமும்கூட. ஐ-94 பதிவை இறங்கிய அன்றே அச்செடுத்து, அதில் எந்தத் தேதி வரை தங்கலாம் என்று பாருங்கள். விசாவில் இருக்கும் பத்து வருடம் அதற்குப் பொருந்தாது. இன்னொன்று, சில கடைகளில் 'ஹெம்ப்' (கஞ்சா இனத்துச் செடி) என்று பெயர் போட்டு மிட்டாய் விற்பார்கள். கடையில் வெளிப்படையாக விற்பதால் வெளிநாட்டுப் பயணிக்கு ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். விசாவில் வந்தவருக்குப் போதைப்பொருள் சம்பந்தப்பட்ட எதுவும் பெரிய தலைவலி. தொடாதீர்கள்.

முறைப்படி மேடை ஏற வழி

அமெரிக்காவில் உண்மையாகவே கச்சேரி செய்ய ஆசை இருக்கிறது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 1978-லிருந்து கிளீவ்லாந்தில் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. அங்கேயும் மற்ற ஊர்ச் சபாக்களிலும் நம் வித்வான்கள் சன்மானம் வாங்கி வாசிக்கப் போவது கலைஞர்களுக்கென்று இருக்கும் விசாவில். நம் சங்கீதம் மாதிரித் தனித்த மரபுள்ள கலைகளுக்கு அதில் ஒரு பிரிவே உண்டு. இதை நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. அங்கே இருக்கும் ஓர் அமைப்போ ஏஜென்டோ குடியேற்றத் துறையில் முதலில் மனு போட வேண்டும். அது ஏற்கப்பட்ட பிறகுதான் நீங்கள் சென்னைத் துணைத் தூதரகத்தில் விசாவுக்குப் போவீர்கள். மாதக்கணக்கில் ஆகும், செலவும் உண்டு, அங்கே உரிமம் பெற்ற வழக்கறிஞர் மூலம் செய்வதுதான் நல்லது. இந்த அக்டோபருக்கு அது நடக்காது. அடுத்த வருடத்துக்கு முயற்சி செய்யலாம். உங்கள் கலை எந்த மரபில் வருகிறது, உங்களுக்கு அதில் என்ன தேர்ச்சி என்று மனுவில் காட்ட வேண்டியிருக்கும். எனவே கச்சேரி அழைப்பிதழ்கள், பத்திரிகைக் குறிப்புகள், குருநாதர் கையெழுத்திட்ட கடிதம், மேடைப் புகைப்படங்கள் எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்குங்கள். தமிழில் இருப்பவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் கூடவே வைக்க வேண்டும்.